இடைத்தரகரை ஒழித்த கதை

உலகத்தைத் திருத்தும் ஆசை சிலருக்கு இளமையில் வரும். எனக்கு நாற்பத்தாறு வயதில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆன மறுநாள் வந்தது.

வங்காளத்து நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடி வாசலில் மாலதி மாஷி (மாஷி என்றால் சித்தி) தினமும் காய்கறிக் கூடையுடன் உட்காருவார். நானோ ஒரு கருத்தரங்கில் (சிங்காடா என்கிற சமோசாவும் சாயும் உண்டு) விவசாயிக்கு நியாயம் கிடைக்க இடைத்தரகர் ஒழிய வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன். என் கைக்கு எட்டிய ஒரே இடைத்தரகர் மாஷிதான். கூட்டம் போட்டேன், பேசினேன், கூடைக்குத் தடை போட்டேன்.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி உமா.

"இது கொள்கை முடிவு" என்றேன். (அட மடையா!)

அடுத்து, நேரடியாகக் கொள்முதல் செய்ய ஒரு விவசாயி வேண்டுமே! "எனக்கு ஒருத்தரைத் தெரியும்" என்று உமாவே வழி எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வேனில் கிளம்பினோம். உமாவும் ஜன்னலோரமாக ஏறிக்கொண்டாள்.

கத்தரித் தோட்டத்து வரப்பில் ஒரு பெரியவர் வரவேற்றார். எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் (அதில் தாதா என்றால் அண்ணன்) முழங்கினேன்: "தாதா, உங்கள் உழைப்பைச் சுரண்டுகிறவர்களை எங்கள் வாசலிலிருந்தே விரட்டிவிட்டேன்!"

"ரொம்ப நல்லது" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரியும் பத்து நாளா வீட்ல இருக்கா. கூடை வைக்கக் கூடாதுன்னு எவனோ ஒரு பாவி சொல்லிட்டானாம். பறிச்சு என்ன பண்றதுன்னு காயெல்லாம் செடியிலேயே முத்திப்போச்சு."

செடிகளுக்கு நடுவிலிருந்து மாஷி எழுந்தார். கையில் மஞ்சளாகிப்போன கத்தரிக்காய்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உமா மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

"செக்ரட்டரி பாபு, சாய் குடிங்க" என்றார் மாஷி. அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மறுநாளே தடையை நீக்கினேன். அந்த மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அன்று ஆன்லைன் கடைகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. முதல் ரயிலைப் பிடித்து, தலையில் கூடையுடன் தண்ணீரில் நடந்து வந்தவர் மாஷி ஒருவர்தான். ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தேன்.

"விடுங்க பாபு. நடுவுல யாரும் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

படி முழுக்க நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போதும் வீட்டில் உமாவும் மகளும் சண்டை போடும்போது சமாதானம் செய்ய நான் வாயைத் திறந்தால் போதும், இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே குரலில் சொல்வார்கள்: "நடுவுல யாரும் வேண்டாம், செக்ரட்டரி பாபு!"