மூடியைத் தொடாதீர்கள்

மனிதன் நிம்மதியாக இருந்தால் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவான் என்பது எங்கள் முதலாளியின் ஆழ்ந்த தத்துவம். அவர் நடத்துவது ஓர் இணைய விளையாட்டு. ஆளுக்கொரு காலி நிலம் கொடுப்போம். அதில் வீதி போட்டு, வீடு கட்டி, பூங்கா வைத்து ஒரு நகரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஜனங்கள் அதை அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத நகரங்களாகக் கட்டி முடித்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"இப்படியே விட்டா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்," என்றார் முதலாளி. "பேரிடர் விடுங்க. தற்காலிகமா. ஒரு வாரம் வெள்ளம்."

நிரல் எழுதுவது என் வேலை. ஆகவே வெள்ளம் விட்டேன். மழை கொட்டும், வீதியில் சாக்கடை அடைத்துக்கொள்ளும், சாக்கடை மூடியை விரலால் ஒரு தட்டு தட்டினால் திறந்து தண்ணீர் வடிந்துவிடும். முதலாளி தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"மூடியைத் திறந்தா வடியுதா? எந்த ஊர்லய்யா அப்படி வடியுது? அனுபவம் உள்ள ஆளா ஒருத்தரைப் பிடிங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க மாமனார் நகராட்சி வடிகால் பிரிவுல அதிகாரியா இருந்தவர்," என்று சொல்லித் தொலைத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் எங்கள் சமையலறையை ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு ஜோலி கிடைத்தால் வீட்டுக்கு விமோசனம் என்று நினைத்தேன்.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, திரையிலிருந்த வெள்ளத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வெள்ளம் சரி. குழு எங்கே?"

"எந்தக் குழு, மாமா?"

"ஆய்வுக் குழு. அது வர்றதுக்கு முன்னாடி இவன் பாட்டுக்கு மூடியைத் திறந்துட்டா, வந்தவங்க எதைப் பார்ப்பாங்க?"

"பார்த்ததும் திறந்துடலாமா?"

"அறிக்கை வந்தாத் திறக்கலாம்."

"அறிக்கை எப்ப வரும்?"

"தண்ணி வடிஞ்சதும். முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டா எழுதுவாங்க? என்ன மாப்பிள்ளை, படிச்சவர்தானே நீங்க!"

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான்யா யதார்த்தம்!" என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வாறே எழுதினேன். ஆய்வுக் குழுத் தலைவர் படகில் வருவார், தண்ணீரை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டுவார், படம் எடுக்கப்படும், போய்விடுவார். அவருக்கு வேறு அசைவு கிடையாது. அந்த விரல் கம்பீரமாக நீள்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வாரம் தாண்டியும், வெள்ள அறிவிப்பிலிருந்து 'தற்காலிகம்' என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அறிக்கை வரும்வரை எல்லாமே தற்காலிகம்தானே.

இதில் முதலில் முழுகியது என் குடும்பம். கல்யாணமான புதிதிலிருந்து என் மனைவி அந்த விளையாட்டில் ஒரு நகரம் கட்டி வந்தாள். ஆற்றங்கரையில் நூலகம், சுற்றிலும் மரங்கள், மரத்தடியில் பெஞ்சுகள். நிழல் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பெஞ்சையும் நகர்த்தியவள் அவள். நிஜத்தில் எங்களுக்கு வாய்த்தது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் தெரியும் வாடகை வீடு. அந்த நூலகம் இப்போது கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

"ஏங்க, நீங்க விட்ட தண்ணிதானே? எடுத்துவிடுங்க."

"என் கையில இல்லம்மா. உங்க அப்பாவைக் கேளு."

கேட்டாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மகள்னு சலுகை காட்டினா நாலு பேர் என்ன பேசுவாங்க? முறைப்படி மனு போடும்மா."

அன்று என் தலையணை கூடத்துக்கு வந்தது. அவள் அப்பாவின் தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜனங்கள் கொதிக்கிறார்கள், வெள்ளத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

"கொதிக்கட்டுமே! போனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க, பார்த்தீங்களா? வந்து என்ன கேக்கறாங்க தெரியுமா? குழுத் தலைவர் பதவி! கொடுத்துடுவோம். காசு கட்டினவங்க எல்லாரும் தலைவர்."

பதவி விற்பனைக்கு வந்ததும் நகரம் கட்ட ஆளில்லாமல் போயிற்று. கட்டுவதில் எத்தனை தொல்லை! தலைவராக இருப்பதற்கு ஒரு விரல் போதும். ஒரு நாள் காலை மனைவி சிரித்த முகத்தோடு டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"நானும் தலைவியாயிட்டேங்க! நேத்து ஒரு ஊருக்குப் போனேன். அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க!"

"உன் நூலகம்?"

"அது கெடக்கு. கூரை மட்டும் தெரியுதுல்ல? படத்துக்கு எடுப்பா இருக்கு."

பார்த்துப் பார்த்துக் கட்டியவள் அவள். அழுகை வந்ததோ எனக்கு.

அந்த வாரமே நிஜ மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருச் சாக்கடை அடைத்து, தண்ணீர் வாசற்படி ஏறியது. மூடி எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் திறந்துவிடும். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நான் இறங்கினேன்.

"மாப்பிள்ளை, மூடியைத் தொடாதீங்க!" என்று மாடியிலிருந்து மாமா அலறினார்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து மூடியைப் பிடித்தபடி, "யாராவது ஒரு கை கொடுங்க!" என்று கத்தினேன்.

தெருவே வெளியே வந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், முனைவீட்டுத் தையல்காரம்மா, கடைசியாக என் மனைவி. ஆபத்துக்கு உதவ இத்தனை பேரா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவர்கள் ஆளுக்கொரு படியில் நின்று, தண்ணீரை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டினார்கள். நான் உருவாக்கிய அதே கம்பீரம், கொஞ்சமும் பிசகாமல். மூடியைத் தூக்க ஓர் ஆள் இல்லாத தெருவில் அத்தனை பேரும் தலைவர்கள்.

மனைவி இன்னொரு கையால் கைப்பேசியை உயர்த்தினாள். "ஏங்க, நடுவுல நீங்க மட்டும் குனிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க. படம் கெடுது."

தனி ஆளாக நான் எவ்வளவு நேரம்தான் குனிந்திருப்பது? நிமிர்ந்தேன். விரலை நீட்டினேன்.

படம் பிரமாதமாக வந்திருக்கிறது. தண்ணீர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீங்களும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.