வெர்னியர் அண்ணாத்தேயும் நிமோனியா ஊசியும்

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்கள் வெர்னியர் அண்ணாத்தே. ஆவடி ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் எனக்கு சீனியர். ரிட்டயராகி, கொரட்டூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக வந்த பிறகும் கனம் அளக்கும் வெர்னியர் காலிப்பர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஓட்டலில் வடை வந்தால் முதலில் கனம் பார்ப்பார், பிறகுதான் சட்னி கேட்பார்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் அவர் மனைவிக்கு, அதாவது எங்கள் அண்ணிக்கு, நிமோனியா கண்டது. பிழைத்து எழுந்தது மறுபிறவி. அடுத்த மழைக்கு முன் ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்காக வயதானவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி போட வந்தார். ஊசிக்கு முன்னால் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், எதிர்ப்புச் சக்தி ஏறியதா என்று பார்க்க ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். அண்ணாத்தே அண்ணியோடு முதல் ஆளாகப் போய் நின்றார்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக் கதவை இடித்தார்.

"நைனா, வந்து பாரு! உங்க அண்ணிக்கு கை இன்னாமா வீங்கிக்கீது! ஜுரம் வேற. எனக்கு ஒண்ணியும் காணோம்."

"நல்லதுதானே அண்ணாத்தே?"

"இன்னா நல்லது? அம்மை குத்துன காலத்துல பழுத்தாதான் புடிச்சிதுன்னு அர்த்தம். பழுக்கலன்னா திரும்பக் குத்துவான். எனக்கு மருந்து புடிக்கல!"

போய்ப் பார்த்தால், அண்ணியின் வீக்கத்துக்கு வெர்னியரை வைத்து அளவெடுக்கிறார்.

"யோவ், நான் இன்னா போல்ட்டா? அத்த எட்த்துகினு அப்பால போ!" என்றார் அண்ணி.

இன்னொரு ஊசி கேட்டு டாக்டரிடம் மல்லுக்கு நின்றார். வீக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அண்ணாத்தே கேட்பாரா? பெண்டாட்டி பாஸ், தான் ஃபெயில் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இனி பயமில்லை என்று அண்ணியைத் திருவேற்காடு கோயில் கூட்டத்துக்கும் தாராளமாக அனுப்பினார்.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டரை நச்சரித்து விவரம் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அண்ணாத்தேக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருந்தது. அண்ணிக்கு ஏறினதாகச் சொல்லவே முடியாது.

"வயசானா ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு ஊசி போட்டாலும் உடம்பு சரியா எடுத்துக்காது. அவங்களை ஜாக்கிரதையா பார்த்துக்குங்க" என்றார் டாக்டர்.

அண்ணாத்தே சட்டையைச் சுருட்டிக் கையை டாக்டர் முன்னால் நீட்டினார். பிறகு கேட்டார்: "எனக்கு ஏறிக்கீதுல்ல, அத்த அவளுக்கு எட்த்து குடுங்க டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு ரத்தம்தான்." முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார்.

மழை ஆரம்பித்ததும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் வந்தாலும் இரும வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். தீபாவளிக்கு வந்த சம்பந்தி தும்மித் தொலைத்தார். பலகாரம் உள்ளே போனது, சம்பந்தி வந்த ஆட்டோவிலேயே திரும்பினார். "மானத்த வாங்குறியே!" என்று உள்ளிருந்து அண்ணி கத்தியதெல்லாம் எடுபடவில்லை.

ஒருநாள் பாய், தலையணையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சளி புட்ச்சிகிச்சு நைனா. போறவரிக்கும் இங்கியே கீறேன்."

"எங்களுக்கு ஒட்டிக்காதா அண்ணாத்தே?"

"நீங்கல்லாம் சின்ன வயசு, தாங்குவீங்க."

சாயங்காலமானால் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு காம்பவுண்டுச் சுவர்மேல் எட்டி, "துன்னியா?" என்பார். "நீ துன்னியா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

அண்ணி அந்த மழைக்காலத்தை ஒரு இருமல்கூட இல்லாமல் கடந்தார். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் மூக்கு ஒழுகியது. அவர்மேல் கோபப்படத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை.