அடுத்தவன் கத்திக்குச் சாணை பிடிப்பவர்

உலகத்தில் பழிவாங்குகிறவர்கள் குறைவு. பழிவாங்கச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குத்தான் பஞ்சமே இல்லை. இந்த இரண்டாவது இனத்தைப் பார்க்க எங்கள் மணிலாவின் நவோட்டாஸ் மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். வெயில் தாழ்ந்ததும் பெட்டிக்கடை பெஞ்சில் கூடுவார்கள். ஒரு ஜின் பாட்டில், எல்லோருக்குமாக ஒரே குவளை. குவளை கைக்கு வந்தால் குடித்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் தரவேண்டும். எங்கள் தெருவில் யாரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

பெஞ்சின் தலைவர் மாங் கோஸ்மே. தெருநாய் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார், போலீஸ்காரர் தென்பட்டால் சட்டைப் பொத்தானை மாட்டுவார், மனைவி கூப்பிட்டால் பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு ஓடுவார். ஆனால் அடுத்தவனுடைய எதிரி என்று வந்துவிட்டால்? சிங்கம்.

டெல்ஃபின் கத்திக்குத்து வழக்கில் சிறையிருந்து திரும்பியவன். அவன் உள்ளே இருந்தபோது, கவுன்சிலர் மகன் ஓட்டிய ஜீப் அவன் தம்பியை இதே பெஞ்சுக்கு எதிரில் அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போயிற்று. பார்த்தவர் மாங் கோஸ்மே. ஜீப்பின் நிறம், எண், உள்ளே அலறிய பாட்டு எல்லாவற்றையும் கைவீச்சோடு சொல்வார். சொல்லச் சொல்ல ஜீப்பின் வேகமும் கூடும்.

"டேய் தம்பி, உன் உடம்புல ஓடுறது ரத்தமா, மீன் கழுவுன தண்ணியா?" என்றார் டெல்ஃபினிடம். கவுன்சிலர் மகன் எந்தத் தேவாலயத்துக்கு வருவான், எந்தச் சந்தில் மறிக்கலாம், எந்தப் படகில் தப்பலாம், எல்லாம் தயார். செய்தித்தாளில் சுற்றிய மீன் வெட்டும் கத்தியைக்கூட அவரே கொடுத்தார். இதைவிட ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

மறுநாள் டெல்ஃபின் அதைப் பிரிக்காமலே பெஞ்சின் மேல் வைத்தான்.

"இத வச்சு ஒரு தடவ உள்ள போயிட்டு வந்தாச்சு மாமா. செவ்வாக்கிழமை விசாரணை. சாட்சி இல்லேன்னா கேஸை மூடிருவாங்களாம். நீங்க வந்து பாத்ததச் சொல்லுங்க, போதும்."

அப்போது குவளை மாங் கோஸ்மேயின் கையில் இருந்தது. குடிக்காமலே பக்கத்து ஆளிடம் நீட்டினார். தெருவில் மிஞ்சியிருந்த அந்த ஒரு சட்டமும் அன்றைக்குப் போயிற்று.

"நான் எங்கப்பா பாத்தேன்? சத்தம்தான் கேட்டுச்சு."

"நம்பர் சொன்னீங்களே?"

"அது நாலு பேர் சொல்லிக் கேட்டது."

செவ்வாய்க்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையில் டெல்ஃபின் தனியாகப் போனான். தனியாகத் திரும்பினான். வழக்கை மூடிவிட்டார்கள். தம்பி படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மாலையில் மாங் கோஸ்மே பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னேன். சட்டம் கிட்டம்னு போனா இப்படித்தான். எதுக்கும் ஒரு தைரியம் வேணும்டா." பெஞ்சே தலையாட்டியது.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிப்பது நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். டெல்ஃபின் கத்தியைத் திருப்பி வைத்தபோது, 'சே, அவ்வளவுதானா' என்று உங்களுக்குத் துளி ஏமாற்றம் தட்டியதா?

தட்டியிருந்தால், வாருங்கள். பெஞ்சில் இடம் இருக்கிறது. அடுத்து குவளை உங்களிடம்தான் வரும்.