பாடைக்கு முன்னால் பிளஸ் டூ

அரியலூர் சிமெண்ட் லாரி ஓட்டுநர்களின் சக்கரவர்த்தி, மச்சான் செல்லப்பன் அவர்களின் திருச்சமூகத்துக்கு, வேப்பந்தட்டையிலிருந்து மைத்துனன் செல்லதுரை தரையில் விழுந்து எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், நம்ம தெரு சிங்காரவேலுவைத் தவிர. அவன் போன வாரம் செவ்வாய்க்கிழமை செத்துப்போனான். போனில் சொன்னால் அக்கா போனைப் பிடுங்கிக் கேட்டு அழுவாள், அதனால்தான் கடிதம்.

பிளஸ் டூ முடிக்கிறவரை மகனை என் பொறுப்பில் விட்டீர்கள். வீரமணியைக் கோட்டைக்குள் இளவரசனைப் போலத்தான் காத்தேன். ஆனால் சிங்காரவேலுவின் பாடைக்கு முன்னால் ஆட, பள்ளிக்கூடம் விட்ட கையோடு சீருடையில் ஒரு படையே வந்து இறங்கியது. ஆளுக்கொரு சிகரெட். உங்கள் ஊர் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்துவிட்டனவோ என்று நினைத்தேன். மேலே பறந்த காக்காய்கள் இருமிக்கொண்டே திரும்பிப் போயின. அந்தப் புகைக்குள் எல்லோரையும்விட உசரமாகக் குதித்தவன் யாரென்று பார்த்தால் நம்ம வீரமணி. வாயில் பிராந்தி வாடை. குதித்தவன் அப்படியே பாடைமேல் சாய, தூக்கினவர்கள் தடுமாற, செத்தவன் எழுந்து உட்கார்ந்துட்டான் மச்சான். பாதி சனம் சோளக்காட்டுக்குள்ள ஓடிருச்சு. பையன் எடுத்த வாந்தியில் ஏரி நிரம்பியிருக்கும்.

சிங்காரவேலு பொண்டாட்டி மணிமொழி அழுகையை நிறுத்தினாள். குடித்துக் குடித்து ஈரல் வெந்து நாற்பது வயசில் போன புருஷனை அப்படியே விட்டுவிட்டு வந்து, இவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"எங்கூட்டு ஆளும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சாரு. இவனுக்கு யாருங்க ஊத்திக் குடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வானத்தைப் பார்த்தேன். மழைக்கு அறிகுறி இல்லை.

மறுநாள் மீசையை முறுக்கிக்கொண்டு விசாரணை சபை கூட்டினேன். வீரமணி தலை நிமிராமல் சொன்னான்: "சாவுன்னா குடிச்சிட்டு ஆடுறதுதான்னு நெனச்சேன் மாமா. நீங்க குடிக்காத சாவு எதையும் நான் பார்த்ததில்ல."

முறுக்கின மீசையை நானே கீழே இறக்கிவிட்டேன். அதிலிருந்து பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பரீட்சை வருது, புஸ்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுச் சுவரையே பார்க்கிறான். ஆகையால், சிங்காரவேலு வெந்த சாம்பல்மேல் சத்தியமாக, இனி எந்தச் சாவிலும் ஒரு சொட்டு தொடமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பஞ்சர் ஆகாத டயரும் பகையில்லாத பாதையும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பாதுகாவலன்
செல்லதுரை

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை சிங்காரவேலு கருமாதி. வர்றவங்களுக்குச் சரக்கு வாங்குற பொறுப்பை வழக்கம்போல என்கிட்டயே விட்டிருக்காங்க, தட்ட முடியலை. வண்டியில பின்னாடி உக்காந்து பெட்டியைப் பிடிச்சுக்க எப்பவும்போல வீரமணியைக் கூப்பிட்டேன். அன்னிக்கப்புறம் இப்பதான் வாயைத் திறந்தான். "சரி மாமா"ன்னான்.