லத்தீஃபாவின் கால் சுளுக்கியது குறித்து

பார்சிப்பனி, நியூஜெர்ஸி
22 பிப்ரவரி 1998

அன்பும் மதிப்பும் நிறைந்த முஆத் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், தங்கள் தங்கை லத்தீஃபாவும், மகள் அமலும் அல்லாஹ்வின் கிருபையால், லத்தீஃபாவின் வலது கால் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கே மாமாவும் தாங்களும் மச்சியும் பிள்ளைகளும் மன ஆறுதலோடு இருக்க துஆ செய்கிறேன்.

நேற்று போனில், "மாப்புள, ஏர்போர்ட்டுல சும்மா உக்காந்திருக்க வேண்டிய பொம்பளைக்குக் காலு எப்படிச் சுளுக்கும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நானே வைத்துவிட்டதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. ஆகவே ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டவும்.

மாமி மவுத்தான செய்தி எங்களுக்குக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. நாங்கள் காயல்பட்டினம் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. அதற்குள் அடக்கம் முடிந்து, வீட்டில் பாயெல்லாம் சுருட்டி வைத்தாகிவிட்டது. அன்றிலிருந்து பதினைந்து நாள் லத்தீஃபா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தாங்களும் பார்த்தீர்கள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தாள், மாமியின் அலமாரியை ஒழுங்குபண்ணினாள், பாத்திரம் தேய்த்தாள். கிளம்பும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத புள்ளைய அனுப்புறேன் தம்பி, எனக்கு அதான் பயமா இருக்கு" என்றார். பம்பாயில் ஏறியதிலிருந்து எனக்கும் அதே பயம்தான். அவள் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கியது காலை ஏழரைக்கு. நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்குப் போகும் விமானம் மாலை நாலரைக்கு. ஒன்பது மணி நேரம்! முன்பெல்லாம் வெளியே விடமாட்டான். போன வருஷம்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் அமெரிக்க பாஸ்போர்ட் வந்ததல்லவா, நீட்டினேன், முத்திரை குத்திவிட்டான். அமலைப் பார்த்துக்கொண்ட எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் சாரதாவும் போனில், "அவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போய் நடக்க வைங்க, அப்படியே உக்கார விடாதீங்க" என்று சொல்லியிருந்தாங்க. ஆகவே இது என் ஒருவன் யோசனை மட்டும் அல்ல என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

ரயிலில் இருபது நிமிஷத்தில் ஊருக்குள் வந்துவிட்டோம். வெளியே கால் வைத்ததும்தான் ஞாபகம் வந்தது, பெரிய கோட்டு ரெண்டும் பெட்டியில் இருக்கிறது, பெட்டி நேரே நெவார்க்குக்குப் போகிறது. குளிர் என்றால் மச்சான், காதைத் தொட்டால் கையோடு வந்துவிடும் போல. விமானத்தில் கொடுத்த கம்பளி லத்தீஃபாவின் தோளிலேயே வந்திருந்தது. திருடவில்லை, மறந்துபோனது. எனக்குக் கையுறை இல்லாததால் விமானத்தில் கொடுத்த காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் ஐரோப்பாவைப் பார்க்கப் புறப்பட்டோம்.

அந்த ஊர் எப்படி என்றால், வெங்காயத்தைப் பாதியாக வெட்டி மல்லாத்தி வச்ச மாதிரி, ஒரு கால்வாய்க்குள்ள இன்னொரு கால்வாய், அதுக்குள்ள இன்னொண்ணு. எல்லாம் ஒரே மாதிரி வளையுது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பாலம், தண்ணி கறுப்பா, மரத்துல ஒரு இலை இல்ல, வானம் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரி. மேப் என் கையில் இருந்தது. காலுறை போட்ட கையால மேப்பைப் புரட்ட முடியாது, கழட்டினா விரல் விறைச்சுப் போகுது. ஒரு மணி நேரம் நடந்தப்புறம் லத்தீஃபா முதல் தடவையா வாயைத் திறந்தா. "இந்தச் செவப்புக் கதவ மூணாந்தடவ பாக்குறேன்." நான், "இது வேற கதவு"ன்னேன். "அந்தப் பூனையும் வேற பூனையா?"ன்னு கேட்டா. ஜன்னல்ல உக்காந்து எங்களையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அதே பூனைதான்.

சரி, பேச ஆரம்பிச்சுட்டாளேன்னு எனக்கு உற்சாகம் வந்துடுச்சு. அங்க வீடெல்லாம் ஒல்லி ஒல்லியா, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்குது. உச்சியில ஒரு உத்தரம் நீட்டிக்கிட்டு, அதுல ஒரு கொக்கி. நான் சிவில் இன்ஜினியர் இல்லையா, விட முடியுமா? "பாத்தியா, உள்ள படி ரொம்பக் குறுகல். கட்டில் பீரோவெல்லாம் படி வழியா போகாது, அதனால அந்தக் கொக்கியில கயிறு போட்டு ஜன்னல் வழியா ஏத்துவாங்க"ன்னு விளக்கினேன். அவ அந்தக் கொக்கியையே ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்தா. அப்புறம் கேட்டா, "அப்ப மேல யாராச்சும் மவுத்தானா, மய்யித்த எப்படிங்க எறக்குவாங்க?"

மச்சான், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எந்த மீட்டிங்லயும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்ல, நானும் அந்தக் கொக்கியை அண்ணாந்து பாத்தேன். நாங்க நின்ன இடம் வேற சரியில்ல. அது சைக்கிள் போற பாதை. மணிச் சத்தம் கேட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு கிழவி, எழுவது வயசு இருக்கும், புயல் மாதிரி வர்றா. நான் லத்தீஃபாவைப் பிடிச்சு இழுத்தேன். அவ கால் கல்லு இடுக்குல மடங்கி, "யா அல்லாஹ்!"ன்னு உக்காந்துட்டா. கிழவி நிக்கவே இல்ல. அவங்க மொழியில ஏதோ சொல்லிக்கிட்டே போனா. நல்ல வார்த்தையா இருக்காது.

கால் வீங்க ஆரம்பிச்சுடுச்சு. டாக்ஸி ஒண்ணும் காணோம். கால்வாய்ல வீடு மாதிரி ஒரு படகு கட்டிக் கிடந்தது, அதுல ஒரு அம்மா மேல்தளத்தைப் பெருக்கிக்கிட்டிருந்தாங்க. எங்களைப் பாத்து, வழி தெரியலையான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. நான் கௌரவமா, "நோ, நோ, வீ ஆர் ஜஸ்ட் லுக்கிங்"ன்னேன். என் கைக் காலுறையைப் பாத்தாங்க, லத்தீஃபா காலைப் பாத்தாங்க, துடைப்பத்தைக் கீழ வச்சிட்டு வந்து அவளைத் தாங்கிப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னை யாரும் கூப்பிடல. நானும் போனேன்.

உள்ள சின்ன அடுக்களை, அடுப்புச் சூடு. காலுக்கு ஈரத்துணி சுத்திவிட்டு, ரெண்டு கோப்பையில சூடா பால் ஊத்திக் குடுத்தாங்க. குளிர்ல அங்க அப்படித்தான் குடிப்பாங்களாம், பால்ல சோம்பு வாசனை. நம்ம வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லாட்டியும் மாமி சோம்பு தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் குடுப்பாங்களே, அதே வாசனை. நம்ம ஊர் வழக்கப்படி கல்யாணமானதிலிருந்து அமெரிக்கா வர்ற வரைக்கும் ஏழு வருஷம் நான் உங்க வீட்டுல இருந்து அவங்க கையால சாப்பிட்டவன், எனக்குத் தெரியாதா? ஒரு மடக்குத்தான் குடிச்சிருப்போம். லத்தீஃபா அழ ஆரம்பிச்சா. "மாமி, மாமி"ன்னு, மன்னிக்கவும், "உம்மா, உம்மா"ன்னு, அரைமணி நேரம் அழுதா. படகே ஆடிச்சு, அலமாரியில கோப்பையெல்லாம் கிணுகிணுத்துச்சு. நான் தூண் மாதிரி உக்காந்து தைரியம் சொன்னேன். அந்தம்மா ஒண்ணும் கேக்கல. மறுபடி பாலை அடுப்பில வச்சாங்க.

பிறகு அவங்களே டாக்ஸிக்குப் போன் பண்ணி அனுப்பினாங்க. ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி கொடுத்ததால் விமானத்தில் எல்லாருக்கும் முன்னால் நாங்கள்தான் ஏறினோம். வீடு வந்ததும் அமல் காலைப் பார்த்துவிட்டு, "யூ கய்ஸ் வேர் சப்போஸ்ட் டு ஸ்டே இன் தி ஏர்போர்ட்!" என்று எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்துத் திட்டினாள். டாக்டர் மூன்று வாரம் கட்டு இருக்கட்டும் என்கிறார்.

ஆகவே மச்சான், கால் போனது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கை மனம்விட்டு அழுதுவிட்டாள். இனி பயமில்லை என்று மாமாவிடம் சொல்லவும். மாமியின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. அனைவருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
சிராஜ்

பின்குறிப்பு: காக்கா, இது உங்க தங்கச்சி லத்தீஃபா எழுதுறது. அமல் வாப்பா கவர்ல ஸ்டாம்ப் ஒட்டக் குடுத்தாங்க, பிரிச்சுப் படிச்சிட்டேன். அந்தப் படகுல அழுதது நான் இல்ல, அவங்கதான். கோப்பையைக் கையில பிடிக்க முடியாம மேஜையில தலையைக் கவுத்துட்டாங்க. நான் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு இன்னும் அழுகை வரல காக்கா. எப்ப வரும்னு தெரியல. இத நீங்க மட்டும் படிங்க. நம்ம வாப்பாவுக்கு அவங்க எழுதினபடியே வாசிச்சுக் காட்டுங்க.