ஒன்றரையே அரைக்கால் ஷிப்ட்

மந்தாரக்குப்பம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பைக்குள் இரண்டு சட்டையும், நான் திருத்திய விதித்தாளும் இருந்தன. தாளை எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. (வேலை போனவன் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவான்.)

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர் என்று சுற்றி, பைத்தான் என்ற கணினி மொழியை அரைகுறையாகக் கற்று, நெய்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மொத்தம் மூன்று பேர். ஒரு காண்டிராக்டரின் ஆட்கள் கேட்டில் அட்டை தேய்த்தால் கதவு திறக்கும். அந்த நிரல் எங்கள் பொறுப்பு. எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று, முன்பு இருந்த ராஜன் சார் பத்து விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

"பைத்தானோட புது வெர்ஷனுக்கு மாறப்போறோம். ரூல்ஸையும் அதுக்கேத்த மாதிரி மாத்துப்பா" என்றார் முதலாளி.

ஏழாவது விதி, வகுக்கும்போது இரண்டு சாய்கோடு போடச் சொன்னது. ஒன்று போட்டாலும் என் கணினியில் அதே விடைதான் வந்தது. கிழட்டுப் பழக்கம் என்று விதியை அடித்துவிட்டு, நிரல் முழுக்க இரண்டை ஒன்றாக்கினேன். (என் கணினியில் இருந்தது பழைய வெர்ஷன். மேதைக்கு அது தோன்றவில்லை.)

மறுநாள் காலை ஷிப்ட் உள்ளே போன பிறகு கேட்டில் புது வெர்ஷன் ஏறியது. மதியம் ஒரு மணிக்கு இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். மணியை எட்டால் வகுத்து, வரும் முழு எண்ணை வைத்துத்தான் நிரல் ஷிப்டைக் கண்டுபிடிக்கும்; பூஜ்யம் என்றால் முதல் ஷிப்ட், ஒன்று என்றால் இரண்டாவது. புது வெர்ஷனில் ஒற்றைக் கோடு பின்னத்தையும் சேர்த்துக் கொடுத்தது. மதியம் ஒரு மணி கணினிக்குப் பதிமூன்று; அதை எட்டால் வகுத்தால் ஒன்றரையே அரைக்கால். அப்படியொரு ஷிப்ட் கிடையாது. கதவு திறக்கவில்லை. ராஜன் சார் இந்த நாளை நினைத்துத்தான் அந்த விதியை எழுதியிருக்கிறார். போன் வந்ததும் கேட்டுக்கு ஓடினேன்.

"இன்னா தம்பி, தேய்ச்சிகினே இருக்கேன், செவப்பாவே எரியுது" என்றார் குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் மேரியக்கா. "ரெண்டு மணி தாண்டுனா ஆப்சென்ட்டுபா. ஏற்கெனவே ரெண்டு வாங்கிட்டேன். மூணாச்சின்னா பேர அடிச்சிருவாங்க."

"அஞ்சே நிமிசங்கா."

"அஞ்சு நிமிசத்துல புது கேட்டே கட்டிடுவாரு போலக்குது" என்றார் பின்னால் நின்றவர்.

கையால் எழுதி உள்ளே விடச் சொன்னேன். "மெஷின்ல ஏறுனாதான் வருகை" என்றார் சூப்பர்வைசர். நான் சரிசெய்தபோது மணி இரண்டேகால். மேரியக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாலைக்குள் என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

இன்றும் நான் தாமதமாக வீட்டுக்குப் போனால், "அரைக்கால் ஷிப்டு முடிஞ்சிதா?" என்பாள் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட் திறக்காமல் போனது வரைக்கும்தான் அவர்களுக்குக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

வேலை போன மறுநாள் காலை டீக்கடையில் ஒரு மேஸ்திரி கூப்பிட்டார். கன்வேயருக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ள வேண்டும்.

"ஒரு எடம் காலியா கீது. வர்றியா?"

"யாரு எடங்க?"

"மேரின்னு ஒரு பொம்பள. மூணு ஆப்சென்ட்டு."

முந்தின நாள் மதியத்திலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. சரி என்றேன். கேட்டில் அவர் கொடுத்த தற்காலிக அட்டையைத் தேய்த்தேன். உடனே பச்சை எரிந்தது.