நாற்பத்தெட்டு வோல்ட் அண்ணன்

இவரை உங்களுக்குத் தெரியும். எந்த இயந்திரம் முனகினாலும் "கரண்டு பத்தல" என்று தீர்ப்புச் சொல்லி, அடுத்தவர் வீட்டுச் சுவிட்சில் சொந்த விரலை வைக்கும் இனம். மிக்சியோ மோட்டாரோ, நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. கம்பம் பக்கம் இந்த இனத்துக்குத் தலைவர் காமயகவுண்டன்பட்டி சீனிச்சாமி. ஊர்த் திராட்சைத் தோட்டத்து மோட்டார்களையெல்லாம் முப்பது வருடமாக லோ வோல்டேஜிலிருந்து காப்பாற்றி வருபவர். காப்பாற்றிய மோட்டார்கள் பிறகு கருகிப்போய்ப் புதுக் காயில் கட்டக் கடைக்குப் போனதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

அன்று கம்பத்தில் சுமையாவின் ரெக்கார்டிங் அறைக்கு வந்திருந்தார். கூப்பிட்டார்களா? கூப்பிட்டால்தான் வருவார் என்றால் அவர் எப்படி அந்த இனம்? நாகஸ்வரக்காரி ஞானசெல்வி, வானொலித் தேர்வுக்கு வாசித்து மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நாகஸ்வரத்தைக் காது கூசாமல் வாங்கும் என்று சுமையா மதுரையிலிருந்து ரிப்பன் மைக் ஒன்றை இரவல் வாங்கியிருந்தாள். உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய அலுமினியப் பட்டை. அதுதான் அதன் உயிர்.

"அண்ணே, இது கரண்டு கேக்காத மைக். மிக்சர்லேருந்து மைக்குக்குக் கரண்டு அனுப்புற நாப்பத்தெட்டு வோல்ட் பட்டன ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். தொட்றாதீக" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மாவு மில்லைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லப் போனாள்.

ஞானசெல்வி ஊதிப் பார்த்தாள். சத்தம் கம்மி. அந்த மைக்கின் சுபாவமே அதுதான். மிக்சரில் சத்தம் கூட்டும் கெய்ன் குமிழைக் கொஞ்சம் திருகினால் தீர்ந்தது.

"கரண்டு பத்தல" என்றார் சீனிச்சாமி.

"அக்கா தொடக் கூடாதுன்டு சொன்னாகண்ணே."

"அது சின்னப் பிள்ள ஆத்தா. அதுக்கு என்ன தெரியும்?"

சுமையாவின் கேபிள் ஒல்லியாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை உருவிவிட்டு, கோயில் திருவிழாவுக்காகத் தாமே பற்றவைத்த தடித்த கேபிளைச் சொருகினார். அதனுள் ஒரு கம்பி வெளிப் பின்னலில் முட்டிக்கொண்டிருந்தது. சரியான கேபிளாக இருந்திருந்தால், பட்டனைப் போட்டும் மைக் பிழைத்திருக்கலாம். பட்டனைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, அவர் முகமும் மலர்ந்தது. ஸ்பீக்கரில் 'தட்' என்று ஒரு சத்தம்; மைக்குக்குள் அந்த மெல்லிய பட்டை இழுபட்டுப் போனது. அதற்குப் பிறகு நாகஸ்வரம் பானைக்குள்ளிருந்து கேட்டது.

திரும்பி வந்த சுமையா விளக்கைப் பார்த்தாள், கேபிளைப் பார்த்தாள். முதலில் பட்டனை அணைத்தாள். மின்சாரம் வடியக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகே கேபிளைக் கழற்றினாள்.

"யாரு போட்டது?"

"நாந்தான் ஆத்தா. கரண்டே இல்லாம கெடந்துச்சு. மைக்கு பழசு போல, தாங்கல."

நாலே முக்காலுக்கு, மேடையில் பேசும் சாதாரண மைக்கில் வாசித்து அனுப்பினார்கள். ஒலிப்பதிவு தெளிவில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. ஞானசெல்வி அழுதாள். சீனிச்சாமிக்கும் உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன், கரண்டு பத்தலன்டு" என்றார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். போன வாரம் சொந்தக்காரர் வீட்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று, யாரையும் கேட்காமல் எழுந்து ரெகுலேட்டரைத் திருகியது யார்? காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்காக அவர்கள்தான் அதைக் குறைத்து வைத்திருந்தார்கள்.